என்லார்ஜர் லென்ஸைத் திருப்பிப் போடுங்கள்: பழைய லென்ஸ்களில் உயர் உருப்பெருக்க மேக்ரோ

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மிரர்லெஸ் கேமரா வைத்திருக்கிறீர்கள். பழைய சாமான்களோடு ஒரு 50 மி.மீ. எஃப்/2.8 என்லார்ஜர் லென்ஸ், அதாவது இருட்டறையில் நெகட்டிவைப் பெரிதாக்கும் கருவியின் லென்ஸ், கைக்கு வந்திருக்கிறது. கேமராவின் முன் எக்ஸ்டென்ஷன் டியூப்களை, அதாவது கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய்களை அடுக்கி, முனையில் அதை மாட்டி, செத்துக்கிடந்த ஒரு ஈயின் தலையைக் கிட்டத்தட்ட 4 மடங்கில், அதாவது சென்சாரில் விழும் பிம்பம் உண்மையான தலையைவிட 4 மடங்கு பெரிதாக இருக்கும்படி எடுத்திருக்கிறீர்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் ஆழம்வரை கூர்மை கிடைக்கட்டும் என்று எஃப்/11 வைத்தீர்கள். படம் பால் கலந்ததுபோல வெளிறி, நடுவில் சுமாராகவும் ஓரத்தில் குழைந்தும் வந்தது. லென்ஸ் கெட்டதா, 10 மடங்கு வரை போக வேறு எந்தக் கழித்துப்போட்ட லென்ஸைத் தேடலாம் என்று கேட்கிறீர்கள்.

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்னதிலேயே மூன்று காரணங்கள் தெரிகின்றன: லென்ஸ் திசை மாறி இருக்கிறது, அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாயிலை) அளவுக்கு மீறி மூடியிருக்கிறீர்கள், குழாய்க்குள் வேண்டாத வெளிச்சம் சுற்றுகிறது. மூன்றையும் காசு செலவில்லாமல் சரிசெய்யலாம். இந்த மூன்றும் புரிந்துவிட்டால் அடுத்து எந்த லென்ஸைத் தேடுவது என்பதும் தானாக விளங்கிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்லார்ஜர் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். சின்ன நெகட்டிவைப் பெரிய தாளில் விழவைக்கிறது. நெகட்டிவ் இருப்பது லென்ஸின் மரைப்பக்கம். தாள் இருப்பது அதன் முகப்புப் பக்கம். ஆக, சின்னப் பொருள் மரைப்பக்கத்திலும் பெரிய பிம்பம் முகப்புப் பக்கத்திலும் இருக்கும்போதுதான் அந்தக் கண்ணாடிகள் தங்கள் கணக்குப்படி வேலை செய்யும். 4 மடங்கு மேக்ரோவிலும் சின்னப் பொருள் ஒருபுறம், பெரிய பிம்பம் மறுபுறம். அப்படியானால் ஈ மரைப்பக்கம் வரவேண்டும், சென்சார் முகப்புப் பக்கம் வரவேண்டும். நீங்கள் வழக்கம்போல மரையைக் கேமரா பக்கம் வைத்து மாட்டியதால் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஓரங்கள் குழைவதற்கு இதுவே பெரிய காரணம்.

திருப்பி மாட்ட, லென்ஸின் முகப்பில் ஃபில்டர் போடும் மரையைப் பயன்படுத்த வேண்டும். இஎல்-நிக்கார் 50 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் பிந்தைய வடிவத்தில் அது 40.5 மி.மீ. அதற்கு முந்தைய உலோக உடல் வடிவத்தில் 34.5 மி.மீ. உங்களுடையதை ஒரு ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு, அதிலிருந்து 42 மி.மீ. மரைக்குப் போகும் ரிவர்ஸ் ரிங் ஒன்றைத் தேடுங்கள். அதன் பின்னால் உங்கள் டியூப்கள் வந்து சேரும்.

இதில் ஒரு சின்ன விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. பிற்கால என்லார்ஜர் லென்ஸ்கள் பலவற்றில் மரையை ஒட்டி ஓரிடத்தில் நகக்கண் அளவுக்கு ஓர் ஒளிபுகும் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். இருட்டறையில் அப்பர்ச்சர் எண் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக என்லார்ஜர் விளக்கின் வெளிச்சம் அந்தச் சன்னல் வழியே நுழைந்து எண்ணுக்கு அடியில் ஒளிரும். இருட்டறையில் அருமையான வசதி. ஆனால் நீங்கள் மாட்டியிருந்த விதத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. எண் சன்னல் வழியே அறை வெளிச்சமும் ஃப்ளாஷ் வெளிச்சமும் உள்ளே போய், பின்பக்கத் துண்டு வழியாக நேராக டியூப்புக்குள், சென்சாருக்கு எதிரே, கொட்டியிருக்கும். அந்தப் பால் வெளுப்பில் பாதி இதனால்தான் என்பேன். லென்ஸைத் திருப்பினாலும் இந்த ஓட்டை இருக்கத்தான் செய்யும். கறுப்பு டேப்பில் சின்னத் துண்டு ஒன்றை வெட்டி இரண்டு இடத்திலும் ஒட்டிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒரு படம், ஒட்டிய பின் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈயின் தலையில் இருக்கும் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாகத் தெரியும்.

இப்போது அப்பர்ச்சர். உயர் உருப்பெருக்கத்தில் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் இது, எனவே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

லென்ஸின் வளையத்தில் பொறித்திருக்கும் எஃப் எண் தொலைதூரப் பொருளுக்கானது. லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளித் தள்ளி வைக்கும்போது அந்த எண் செல்லாது. பொறித்த எண்ணை, உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி வருவதால் பெருக்கினால் ஏறத்தாழ உண்மையான எண் வந்துவிடும். 4 மடங்கில் எஃப்/11 என்றால் 11-ஐ 5-ஆல் பெருக்க வேண்டும்: எஃப்/55. ஊசித்துளை வழியே எடுப்பதற்குப் பக்கத்தில் போய்விட்டீர்கள். அவ்வளவு சின்ன வாயில் வழியே போகும் ஒளி விளிம்பு விளைவால் பரவி, ஒவ்வொரு புள்ளியையும் ஒரு வட்டமாக்கிவிடும். பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் எஃப் எண்ணைப் போல சுமார் 1.34 மடங்கு மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எஃப்/55-இல் அது 70 மைக்ரானைத் தாண்டும். உங்கள் சென்சாரின் ஒரு பிக்சல் 4 மைக்ரான் என்று வைத்தால், ஒரு புள்ளி குறுக்கே பதினெட்டு பிக்சலுக்குப் பரவுகிறது. எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

நுண்ணோக்கிக்காரர்கள் இதையே வேறு திசையிலிருந்து பார்க்கிறார்கள், அது இன்னும் தெளிவாக இருக்கிறது. பொருளின் ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் ஒளி கிளம்புகிறது. அதில் எவ்வளவு அகலமான கூம்பை லென்ஸ் வாங்கிக்கொள்கிறது? அந்த அகலத்தைச் சொல்லும் எண்தான் என்.ஏ. (நியூமெரிக்கல் அப்பர்ச்சர்). பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, ஒளியின் அலைநீளத்தை என்.ஏ.வின் இருமடங்கால் வகுத்தால் வருவது. நீங்கள் எடுத்த படத்தில் என்.ஏ. சுமார் 0.036, அதாவது 7 மைக்ரானுக்கும் குறைந்த இடைவெளியில் எதையும் அது பிரித்துக் காட்டாது. அதே லென்ஸை எஃப்/4-இல் வைத்தால் உண்மையான எண் எஃப்/20, என்.ஏ. சரியாக 0.10, பிரித்துக் காட்டும் அளவு 2.75 மைக்ரான். ஒரு வளையத்தைத் திருப்பியதில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நுணுக்கம். எஃப்/2.8-இல் முழுக்கத் திறந்தால் கணக்குப்படி இன்னும் கிடைக்க வேண்டும். ஆனால் இந்த வகை லென்ஸ்கள் முழுத் திறப்பில் கொஞ்சம் மென்மையாகிவிடுகின்றன. எஃப்/4 பெரும்பாலும் சரியான இடம். எஃப்/2.8, 4, 5.6 மூன்றிலும் எடுத்து உங்கள் கையிலிருக்கும் லென்ஸுக்கு எது நல்லது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆழம் போய்விடுமே என்று கேட்பீர்கள். போகத்தான் செய்யும். என்.ஏ. 0.036-இல் ஏறத்தாழ 0.4 மி.மீ. கூர்மையாகத் தெரிந்தது, 0.10-இல் 0.055 மி.மீ.தான் தெரியும். ஒரே படத்தில் ஆழமும் நுணுக்கமும் சேர்ந்து கிடைக்காது. இது ஒளியின் இயல்பு. அதனால்தான் 3 மடங்குக்கு மேல் போகிறவர்கள் எல்லோரும் ஃபோகஸ் ஸ்டேக்கிங்குக்கு வந்து சேர்கிறார்கள். கேமராவை அல்லது பூச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், செரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருளில் கூர்மையான பகுதிகளை மட்டும் சேர்த்துக்கொள்வது. லென்ஸைத் திறந்து வை, ஆழத்தை அடுக்கிச் சேர்: இந்த வேலையில் நான் மாற்றிக்கொள்ளாத ஒரே விதி இது.

அடுத்து டியூப்பின் நீளம். லென்ஸிலிருந்து சென்சாருக்கு உள்ள தூரம் குவியத் தூரத்தை, உருப்பெருக்கத்தோடு ஒன்று கூட்டியதால் பெருக்கினால் வரும். 50 மி.மீ. லென்ஸ் 4 மடங்குக்கு 250 மி.மீ. கேட்கும். 25 மி.மீ. லென்ஸ் என்றால் 125 மி.மீ. போதும், ஆனால் பூச்சிக்கு நெருக்கமாகப் போக வேண்டும். 50 மி.மீ.யில் லென்ஸின் மையத்திலிருந்து பூச்சிக்கு 60 மி.மீ.க்கும் கொஞ்சம் மேல் இருக்கும், விளக்கு வைக்கத் தாராளமான இடம்.

சரி, டியூப்பை இன்னும் நீட்டி இதே லென்ஸில் 8 மடங்கு, 10 மடங்கு போகலாமே? பெரிதாகத் தெரியும், புதிதாக ஒன்றும் தெரியாது. எஃப்/4 லென்ஸை 8 மடங்குக்கு நீட்டினால் உண்மையான எண் எஃப்/36, என்.ஏ. வெறும் 0.11. எவ்வளவு நீட்டினாலும் 0.125-ஐத் தாண்டாது. 4 மடங்கில் கண்ட அதே ஈயை ஊதிப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் நடக்கும். உங்களுக்கு 10 மடங்கு வேண்டுமென்றால் அதற்கேற்ற அகலமான கூம்பு வேண்டும். அந்த இடத்தில்தான் நுண்ணோக்கி அப்ஜெக்டிவ், அதாவது நுண்ணோக்கியில் பொருளுக்கு அருகே நிற்கும் லென்ஸ், வருகிறது.

சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு வண்ணத்துப்பூச்சிச் சிறகு நன்றாகப் புரியவைக்கும். தரையில் உதிர்ந்து கிடக்கும் ஒரு சிறகுத் துண்டை எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல் ஓடு வேய்ந்ததுபோலச் செதில்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு செதிலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம் அளவில் இருக்கும். அந்தச் செதிலின் மேல் நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும். வரிக்கு வரி இடைவெளி பொதுவாக 1 முதல் 2 மைக்ரான். திருப்பிப் போட்ட என்லார்ஜர் லென்ஸில் 4 மடங்கில் எடுத்தால் செதில்கள் தனித்தனியாக, விளிம்பில் இருக்கும் பல் பல்லான வெட்டுகள் உட்பட அழகாகத் தெரியும். செதிலின் முகம் மட்டும் வழவழப்பாக இருக்கும். அதே இடத்தை 10 மடங்கு, என்.ஏ. 0.25 அப்ஜெக்டிவில் பாருங்கள். அதன் எல்லை 1.1 மைக்ரான். வழவழப்பு என்று நினைத்த முகத்தில் கோடுகள் எழுந்து நிற்கும். நான் முதல்முறை அதைத் திரையில் பார்த்தபோது வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. என்லார்ஜர் லென்ஸை 10 மடங்குக்கு நீட்டி எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தேன். செதில் அதே அளவுதான், கோடு ஒன்றுகூட இல்லை.

அப்ஜெக்டிவைத் தேடும்போது அதன் உடலில் பொறித்திருப்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மேல் வரியில் 10/0.25 என்பதுபோல இருப்பது உருப்பெருக்கமும் என்.ஏ.வும். கீழ் வரியில் 160/0.17 என்று இருந்தால் 160 என்பது நுண்ணோக்கிக் குழாயின் நீளம், 0.17 என்பது மாதிரியின் மேல் போடும் கண்ணாடிச் சில்லின் தடிமன் மி.மீ.யில். 160-க்குப் பதிலாகப் படுத்த எட்டு போல முடிவிலிக் குறி இருந்தால் அது வேறு சாதி. அதைப் பிறகு சொல்கிறேன். 0.17 இருக்கும் இடத்தில் 0 இருந்தால் கண்ணாடிச் சில்லு இல்லாமல் பார்க்கச் செய்தது, சிறுகோடு இருந்தால் எப்படிப் பார்த்தாலும் சரி. நாம் பூச்சியின் மேல் கண்ணாடி வைக்கப் போவதில்லை. ஆனால் என்.ஏ. 0.25 வரை இந்த வித்தியாசம் படத்தில் தெரியாது, எனவே 4 மடங்கும் 10 மடங்கும் கவலையில்லாமல் வாங்கலாம். 40 மடங்கு, 0.65 அப்ஜெக்டிவ் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். கண்ணாடிச் சில்லு இல்லாமல் அது மங்கும். அதோடு பொருளுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கிட்டத்தில் போய் நிற்கும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே போகாது.

160 வகையை மாட்டுவது மிகச் சுலபம். அதன் பிம்பம் அப்ஜெக்டிவின் தோளிலிருந்து (மரை தொடங்கும் விளிம்பிலிருந்து) 150 மி.மீ. தள்ளி விழும். உங்கள் கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்டின் முகத்திலிருந்து சென்சார் எவ்வளவு உள்ளே இருக்கிறதோ அதைக் கழித்துக்கொள்ளுங்கள். சோனி இ மவுண்ட் என்றால் 18 மி.மீ.; ஆக 132 மி.மீ. டியூப் போதும். கேனான் இஎஃப் என்றால் 44 கழித்து 106 மி.மீ. அந்தத் தூரத்திலிருந்து பத்துப் பதினைந்து மி.மீ. முன்பின் இருந்தாலும் குறைந்த என்.ஏ.வில் பெரிய பாதகமில்லை. உருப்பெருக்கம் மட்டும் கொஞ்சம் மாறும்.

எல்லா 160 அப்ஜெக்டிவும் கேமராவுக்கு ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். பழைய ஒலிம்பஸ், சைஸ் அப்ஜெக்டிவ்கள் பலவற்றில் நிறப்பிறழ்ச்சியில் (நிறங்கள் ஒரே இடத்தில் குவியாத குறையில்) ஒரு பங்கை ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்தான் சரிசெய்யும். ஐபீஸ் இல்லாமல் நேராகச் சென்சாரில் விழவைத்தால் ஓரங்களில் சிவப்பு, நீலக் கரை கட்டும். நிக்கான் 1976-இல் கொண்டுவந்த சிஎஃப் வரிசையில் அப்ஜெக்டிவிலேயே நிறம் சரிசெய்யப்பட்டிருப்பதால் கேமராக்காரர்கள் அதைத் தேடிப் பிடிக்கிறார்கள். அந்த வரிசையின் எம் பிளான் வகையில் 210/0 என்று இருக்கும். டியூப்பை 50 மி.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். லோமோவின் 3.7 மடங்கு, 0.11 அப்ஜெக்டிவும் இந்த வட்டாரத்தில் நல்ல பெயர் வாங்கியது. இன்னொன்று, அப்ஜெக்டிவ் வரையும் வட்டம் சிறியது. அளவில் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்குச் சுமாராகப் போதும், அதைவிடப் பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சாரில் மூலைகள் கைவிட்டுவிடும்.

முடிவிலி வகைக்கு நடுவில் இன்னொரு லென்ஸ் வேண்டும், ஏனென்றால் அது தானாகப் பிம்பத்தை எங்கும் விழவைக்காது. உங்களிடம் பழைய 200 மி.மீ. டெலிஃபோட்டோ இருந்தால் அதை முடிவிலி ஃபோகஸில் வைத்து, முகப்பில் ஒரு வளையம் வழியே அப்ஜெக்டிவை மாட்டினால் முடிந்தது. நிக்கான், மிடுடோயோ நிறுவனங்களின் முடிவிலி அப்ஜெக்டிவ்கள் 200 மி.மீ.க்குக் கணக்கிட்டவை, ஒலிம்பஸ் 180. டெலிஃபோட்டோவுக்குப் பதிலாக ரேனாக்ஸ் டிசிஆர்-150 குளோசப் லென்ஸைக் குழாய்க்குள் வைப்பவர்களும் உண்டு. அதன் குவியத் தூரம் 208 மி.மீ. என்பதால் பொருந்திப்போகிறது. 100 மி.மீ. லென்ஸில் மாட்டினால் 10 மடங்கு அப்ஜெக்டிவ் 5 மடங்காகும், மூலைகள் இருண்டுபோகும். மிடுடோயோவின் 10 மடங்கு அப்ஜெக்டிவ் என்.ஏ. 0.28 வைத்துக்கொண்டு 33 மி.மீ.க்கு மேல் தள்ளி நிற்கிறது என்பது இந்த வேலையில் பெரிய பாக்கியம். சாதாரண 10 மடங்கு அப்ஜெக்டிவ்கள் பூச்சியிடமிருந்து சில மி.மீ. தூரத்தில் நிற்கும். ஆனால் மிடுடோயோ மலிவான பொருள் பட்டியலில் வராது.

அப்ஜெக்டிவைத் தவிர மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1 முதல் 3 மடங்குக்கு, பழுதான ஃபிலிம் ஸ்கேனரைப் பிரித்து எடுத்த லென்ஸ்கள் அபாரமானவை. மினோல்டா டைமேஜ் ஸ்கேன் எலைட் 5400 அதில் புகழ்பெற்றது. அங்குலத்துக்கு 5400 புள்ளிகள் என்றால் புள்ளிக்கு 4.7 மைக்ரான், அதை ஃபிலிமின் முழு அகலத்துக்கும், மூன்று நிறத்திலும் காட்ட வேண்டிய லென்ஸ் அது. ஓரம்வரை கூர்மையாக இருப்பதில் வியப்பில்லை. மரையும் கிடையாது, அப்பர்ச்சர் வளையமும் கிடையாது, வெறும் உருளை. ஒரு வளையத்தில் மூன்று பக்கமும் சிறு திருகு வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். போலராய்ட் எம்பி-4 நகலெடுப்பு கேமராவோடு வந்த டோமினான் லென்ஸ்களில் 17, 35 மி.மீ. போன்றவை இந்த வேலைக்கென்றே செய்தவை. 16 மி.மீ. சினிமா கேமராவின் 25 மி.மீ. லென்ஸைத் திருப்பிப் போட்டாலும் நல்ல பலன் உண்டு. ஆனால் மவுண்ட் முகத்திலிருந்து பதினேழு பதினெட்டு மி.மீ.யில் பூச்சி இருக்கும், வெளிச்சம் கொடுப்பது கொஞ்சம் சிரமம். மைக்ரோஃபிலிம் வாசிப்பான் லென்ஸ்கள் நன்றாகவும் அமையலாம், சுமாராகவும் அமையலாம். லேசர் பிரிண்டரிலிருந்து வரும் லென்ஸ்களை மட்டும் தொடாதீர்கள். அவை ஒரே ஒரு அலைநீளத்துக்குச் செய்தவை, வெள்ளை வெளிச்சத்தில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் இடத்தில் விழும்.

எதை வாங்கினாலும் ஒரு டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போலப் பூஞ்சையோ, கண்ணாடிகளை ஒட்டிய பசை பிரிந்த வெள்ளைத் திட்டோ இருந்தால் வேண்டாம். தூசியும் வெளிக்கீறல் ஒன்றிரண்டும் படத்தில் தெரியாது.

மரைகளில் நான் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். 42 மி.மீ. மரையில் இரண்டு வகை. பழைய கேமரா லென்ஸ்களின் எம்42, ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். டெலஸ்கோப் சாமான்களின் டி2 மரையும் 42 மி.மீ.தான், ஆனால் சுற்றுக்கு 0.75 மி.மீ. ஏறும். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்தால் முதல் சுற்று இதமாகப் போகும், இரண்டாவதில் இறுகும். அழுக்காக இருக்கும் என்று நினைத்து நான் அழுத்தித் திருகினேன். அப்புறம் கழற்ற முடியவில்லை. ஒருவழியாகப் பிரிந்தபோது இரண்டு வளையமும் வீண்; அலுமினியத் துகள் மினுமினுவென்று லென்ஸின் கண்ணாடி மேல் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து இரண்டு சுற்றுக்குள் இறுகினால் உடனே நிறுத்திவிடுகிறேன். என்லார்ஜர் லென்ஸின் 39 மி.மீ. மரையிலும் இதே சங்கதி உண்டு. லைக்கா வகை அங்குலத்துக்கு 26 சுற்று, பழைய ஜெனிட் வகை சுற்றுக்கு 1 மி.மீ. இவை ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால் சில சுற்று வரை சேரும், அதோடு விட்டுவிட வேண்டும். பழைய அப்ஜெக்டிவ்களின் மரை 20.32 மி.மீ., ஆர்எம்எஸ் என்று பெயர். ஆர்எம்எஸ்ஸிலிருந்து எம்42-க்குப் போகும் கூம்பு வடிவ அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். தட்டையான வளையம் விளக்கை மறைக்கும், கூம்பு மறைக்காது.

இனி குழாயின் உட்புறம். லென்ஸை மாட்டி, ஒரு விளக்கைப் பார்த்தபடி வைத்து, கேமராவைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகக் கண்ணை வைத்துப் பாருங்கள். நடுவில் லென்ஸின் பிரகாசமான வட்டம் தெரியும். அதைச் சுற்றி டியூப்பின் சுவரில் வெள்ளி வளையம் வளையமாக மின்னுகிறதா? கறுப்புப் பூச்சு பூசியிருந்தாலும் சாய்வாகப் படும் ஒளியில் அது கண்ணாடி போல மின்னும். அந்த மின்னல் முழுக்கச் சென்சார் மேல் மெல்லிய மூடுபனியாக விழுகிறது. கறுப்பு வெல்வெட் துணியை உள்ளே சுருட்டி ஒட்டினால் போதும், சுவரே காணாமல் போகும். நடுவில் துளையிட்ட கறுப்பு அட்டை வட்டம் ஒன்றைக் குழாயின் நடுப்பகுதியில் நிறுத்தினால் இன்னும் நல்லது. துளை பிம்பத்தை வெட்டாத அளவுக்கு அகலமாக இருக்கட்டும்.

நகர்த்தும் கருவியைப் பற்றி: 4 மடங்கு, 0.10-க்கு ஒரு படிக்கு 40 மைக்ரான், 2 மி.மீ. ஆழமுள்ள ஈத்தலைக்கு ஐம்பது படம். இதைக் கையால் திருகும் நல்ல ரெயிலில் (கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் தண்டவாளத்தில்) செய்துவிடலாம். 10 மடங்கு, 0.25-க்குப் படிக்கு 7 மைக்ரான். அதே தலைக்கு 280-ஐத் தாண்டும். இங்கே சாதாரண ரெயில் கைகொடுக்காது. இதற்கும் கழித்துப்போட்ட சரக்கிலேயே மருந்து இருக்கிறது. பழைய நுண்ணோக்கியின் ஃபோகஸ் கட்டையை மட்டும் வாங்குங்கள். பலவற்றில் நுண்திருகு ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. நகரும், அதில் நூறு கோடு இருக்கும், ஆக ஒரு கோட்டுக்கு 2 மைக்ரான். பூச்சியை அதன் மேல் நிறுத்திவிட்டு கேமராவை அசையாமல் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிகள் எதுவும் வேண்டியதில்லை, அவை உடைந்திருந்தால் விலையும் இறங்கும்.

அசைவைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 10 மடங்கில் 4 மைக்ரான் பிக்சல் என்றால் பூச்சியின் மேல் அது 0.4 மைக்ரான். பக்கத்து அறையில் யாரோ நடந்தால்கூட அதைவிட அதிகமாக மேசை ஆடும். எலக்ட்ரானிக் முதல் திரை ஷட்டரும் (பல கேமராக்களில் முழு எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃப்ளாஷ் எரியாது), குறைந்த சக்தியில் வைத்த ஃப்ளாஷும் சேர்ந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். குறைந்த சக்தியில் ஃப்ளாஷ் ஒளிரும் நேரம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். கேமராவும் பூச்சியும் ஒரே பலகையின் மேல் இருக்க வேண்டும், தனித்தனி மேசைகளில் கூடாது. வெளிச்சத்தைப் பரப்ப டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றைப் பாதியாக வெட்டி, அடியில் அப்ஜெக்டிவ் நுழையும் அளவுக்குத் துளை போட்டுப் பூச்சிக்கு மேல் கவிழ்த்தால் ஈயின் கண் முழுவதும் மென்மையாக ஒளிரும். நேரடி வெளிச்சத்தில் ஒவ்வொரு கண்முகப்பின் (ஈயின் கூட்டுக்கண்ணில் உள்ள சின்னச் சின்ன லென்ஸின்) மேலும் ஒரு வெள்ளைப் புள்ளி எரிந்துபோய் நிற்கும், எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் புதிதாக எந்த லென்ஸும் தேடுவதற்கு முன், இருக்கும் 50 மி.மீ.யைத் திருப்பி, இரண்டு இடத்தில் டேப் ஒட்டி, குழாய்க்குள் வெல்வெட் வைத்து, எஃப்/4-இல் அதே ஈயை ஐம்பது படமாக எடுத்து அடுக்கிப் பார்ப்பேன். வீட்டு ஈயின் கண்முகப்பு ஒவ்வொன்றும் 20 முதல் 30 மைக்ரான். உங்கள் சென்சாரில் அது இருபது பிக்சலுக்கு மேல் வரும். ஒவ்வொன்றும் விளிம்போடு தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஓரத்திலும்கூட. அப்படித் தெரிந்த பிறகு 10/0.25, 160 என்று பொறித்த ஓர் அப்ஜெக்டிவையும் கூம்பு அடாப்டரையும் தேடுங்கள். நடுவில் தெரிந்து ஒரு பக்க ஓரத்தில் மட்டும் குழைந்தால் லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் டியூப்களின் இணைப்பு ஏதாவது சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸை மட்டும் அரைச்சுற்று திருப்பி மறுபடி எடுங்கள்: குழைவு அதோடு சுற்றி எதிர்ப்பக்கம் போனால் கோளாறு லென்ஸில், இருந்த இடத்திலேயே நின்றால் கோளாறு குழாயில்.